கீழாநெல்லியும் ஹெபடைடிஸ் பி-யும்: 1988-ஆம் ஆண்டு ஆய்வை எப்படிப் புரிந்துகொள்வது?

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு வயது 31. சென்ற மாதம் எங்கள் ஊரில் நடந்த முகாமில் முதன்முறையாக இரத்த தானம் செய்தான். பத்து நாள் கழித்து இரத்த வங்கியிலிருந்து தொலைபேசியில் அழைத்து, நேரில் வரச் சொன்னார்கள். ஹெபடைடிஸ் பி மேற்பரப்பு ஆன்டிஜென் (அந்த வைரஸின் மேலுறைப் புரதம்) 'ரியாக்டிவ்', அதாவது இரத்தத்தில் இருக்கிறது, என்று அறிக்கையில் இருந்தது. வேறோர் ஆய்வகத்தில் எடுத்த மறுபரிசோதனையிலும் அதே முடிவுதான் வந்தது. கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி 28, அதாவது இயல்பான அளவு; இரத்தத்தில் வைரஸின் அளவு மிகக் குறைவு, ஸ்கேனில் குறை ஏதுமில்லை. இவற்றையெல்லாம் பார்த்த மருத்துவர், இப்போதைக்கு மாத்திரை தேவையில்லை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பரிசோதித்துக்கொண்டால் போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நோய் இருக்கிறது என்று சொல்லிவிட்டு மாத்திரையே எழுதாத மருத்துவரை அம்மாவால் ஏற்க முடியவில்லை. கொல்லையில் தண்ணீர்த் தொட்டியோரம் ஈரத்தில் முளைத்துக் கிடக்கும் கீழாநெல்லியை வேரோடு பிடுங்கி, அம்மியில் அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, மோரில் கரைத்து வெறும் வயிற்றில் கொடுக்கத் தொடங்கிவிட்டார். உப்பும் எண்ணெயும் இல்லாத பத்தியம் வேறு. என் தாத்தாவுக்கு வந்த மஞ்சள் காமாலை இதில்தான் இறங்கியது என்பது அம்மா காட்டும் ஆதாரம். மாமா ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், சென்னைப் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு லண்டனிலிருந்து வரும் 'லான்செட்' இதழிலேயே வெளிவந்தது, நூற்றில் அறுபது பேருக்கு வைரஸ் போய்விட்டது என்கிறார்.

அந்த ஆய்வு உண்மைதானா? உண்மையென்றால், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் கல்லீரல் மருத்துவர்கள் ஏன் அதை எழுதிக் கொடுப்பதில்லை? தம்பி இப்படித் தொடர்ந்து குடிப்பதால் தீங்கு உண்டா? ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துப் பழகியவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். வாட்ஸப்பில் வரும் தீர்ப்புகள் ஏற்கெனவே போதுமான அளவு கிடைத்துவிட்டன.

வெண்காட்டான் எழுதியது:

உங்கள் மாமா சொல்வது கட்டுக்கதை அன்று. நான் நுண்ணுயிரியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். அந்தக் கட்டுரையின் ஒளிநகல் கல்லூரி ஆய்வகங்களில் கைமாறிய நாட்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் பணியாற்றிய எஸ். பி. தியாகராஜன் குழுவினர், 1988 அக்டோபரில் லான்செட் இதழில் அதை வெளியிட்டார்கள். ஆசிரியர் பட்டியலில் பாருக் புளூம்பெர்க்கும் இருந்தார். ஹெபடைடிஸ் பி மேற்பரப்பு ஆன்டிஜெனைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர்தான். ஆகவே ஆய்வு செய்தவர்களைப் பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை.

செய்தது இதுதான். வைரஸை உடலில் சுமந்துகொண்டிருந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு உலர்த்திப் பொடித்த கீழாநெல்லி 200 மில்லிகிராம் வீதம் நாளைக்கு மூன்று வேளை, 30 நாட்களுக்குக் கொடுக்கப்பட்டது. மறு பகுதியினருக்கு மருந்தில்லாத போலிக் குளிகை, அதாவது பிளாசிபோ, கொடுக்கப்பட்டது. மருந்து முடிந்து 15 முதல் 20 நாட்களுக்குப் பிறகு இரத்தத்தைச் சோதித்தபோது, கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரிடம், அதாவது 59 சதவீதத்தினரிடம், மேற்பரப்பு ஆன்டிஜென் காணப்படவில்லை. பிளாசிபோ சாப்பிட்ட 23 பேரில் ஒரே ஒருவரிடம்தான் அது மறைந்திருந்தது. சிலரை ஒன்பது மாதம் வரை கவனித்தும் அது திரும்ப வரவில்லை என்றும், குறிப்பிடத்தக்க பக்கவிளைவு இல்லை என்றும் எழுதியிருந்தார்கள்.

இப்போது அந்த எண்களைச் சற்று நிதானமாகப் பாருங்கள். ஒரு பக்கம் 37, மறு பக்கம் 23. ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டிய இரண்டு குழுக்கள் இறுதிக் கணக்கில் இவ்வளவு ஏற்றத்தாழ்வோடு நிற்கும்போது, முதலில் எத்தனை பேர் சேர்க்கப்பட்டார்கள், எத்தனை பேர் இரண்டாவது இரத்தப் பரிசோதனைக்குத் திரும்பி வரவில்லை, வராதவர்களின் நிலை என்ன என்று கேட்பதுதான் ஆய்வு வாசிப்பின் முதல் பாடம் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருப்பேன். வராதவர்களைக் கணக்கில் சேர்த்தால் விகிதம் எந்தப் பக்கமும் சாயலாம். தவிர, அந்தக் கட்டுரையே தன்னை முதற்கட்ட ஆய்வு என்றுதான் அழைத்துக்கொண்டது. இந்தச் செடியையும் இதன் இனத்துச் செடிகளையும் மேலும் ஆராய வேண்டும் என்பதுதான் அதன் கடைசி வரி. மாமாவின் காதுக்கு அந்த வரி வந்து சேரவில்லை.

மேலும் ஆராய்ந்தார்கள். தாய்லாந்தில் நோய்க்குறி இல்லாத வைரஸ் சுமப்பவர்களிடம் செய்த ஆய்வு 1990-இல் அதே லான்செட்டில் வந்தது. கீழாநெல்லியால் மேற்பரப்பு ஆன்டிஜெனை ஒழிக்க முடியவில்லை என்பது தலைப்பிலேயே இருந்தது. 1994-இல் நியூசிலாந்திலிருந்து ஒரு தோல்வி அறிக்கை வந்தது. அதே ஆண்டு நம் நாட்டிலேயே, இந்திய இரைப்பை குடல் மருத்துவ இதழில், இரண்டு கட்டமாக நடத்திய ஓர் ஆய்வும் 'ஆன்டிஜெனை ஒழிக்கவில்லை' என்று முடித்தது. பின்னர் 2011-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மீளாய்வு, கீழாநெல்லி அடங்கிய ஃபில்லாந்தஸ் இனச் செடிகளை வைத்து நடந்த 16 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 1,326 பேரையும் சேர்த்துப் பார்த்தது. அவற்றில் பிளாசிபோவோடு நேராக ஒப்பிட்டது ஒன்றே ஒன்று. மற்றவை பெரும்பாலும் வைரஸ் எதிர்ப்பு மருந்தோடு மூலிகையைச் சேர்த்துக் கொடுத்தவை. அவற்றின் முடிவுகள் சாதகமாகத் தெரிந்தாலும் ஆய்வுமுறை பலவீனமாக இருந்ததால் நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்றே மீளாய்வாளர்கள் சொன்னார்கள்.

முதல் ஆய்வில் நூற்றில் ஐம்பத்தொன்பது. பிறர் செய்யும்போது ஏறக்குறைய ஒன்றுமில்லை. மருத்துவ ஆராய்ச்சியில் இது அரிதான கதை அன்று. சிறிய எண்ணிக்கையில் கிடைத்த பெரிய வெற்றி, ஆட்கள் கூடக்கூட, கைகள் மாறமாறச் சுருங்குவதைப் பல மருந்துகளில் பார்த்திருக்கிறோம்.

மூலிகைத்தோட்டம் எழுதியது:

நான் சித்த மருத்துவம் படித்தவள். வெண்காட்டான் ஐயா சொன்ன வரலாற்றோடு எனக்கு முரண்பாடு இல்லை. ஆனால் செடியைப் பற்றி இரண்டு விஷயங்களைச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

முதலாவது, 'கீழாநெல்லி' என்று நாம் பறிப்பதெல்லாம் ஒரே செடி அன்று. ஈர்க்கைத் திருப்பிப் பிடித்தால் இலைகளுக்குக் கீழே வரிசையாகக் கடுகளவுக் காய்கள் தொங்கும். பெயரே அதனால்தான் வந்தது. ஆனால் தண்டில் செம்மை ஓடிய இன்னொரு வகையிலும் காய்கள் கீழேதான் இருக்கும். அதில் காய்க்குக் காம்பு இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும், மேற்பரப்பும் சொரசொரப்பாக இருக்கும். கீழாநெல்லியிலோ காய் வழவழப்பாகச் சிறு காம்பில் நிற்கும். தாவரவியலில் முன்னது யூரினேரியா, பின்னது அமாரஸ். பழைய நூல்களும் கட்டுரைகளும் நம் செடியை 'நிரூரி' என்று குறித்ததால் குழப்பம் இன்னும் கூடியது. 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், தென்னிந்தியாவில் 25 நாட்டு மருந்துக் கடைகளில் வாங்கிய சரக்கை மரபணு முறையில் சோதித்தபோது, முக்கால்வாசிக் கடைகளில் அமாரஸ் இருந்தது. மற்றவற்றில் மேலாநெல்லி உள்ளிட்ட வேறு ஐந்து இனங்கள் இருந்தன. எனவே ஓர் ஊரில் பலித்தது இன்னோர் ஊரில் பலிக்கவில்லை என்றால், இரண்டு ஊரிலும் ஒரே செடிதானா என்ற கேள்வி எழுவது நியாயமே. சென்னைக் குழுவின் தரப்பிலும் இப்படிப் பேசப்பட்டது.

நேர்மையாகச் சொல்வதென்றால், இந்தக் கேள்விக்கும் ஓரளவு பதில் கிடைத்திருக்கிறது. இந்தியாவிலிருந்து கொண்டுசென்ற அமாரஸையும் சீனாவின் இரு வேறு பகுதிகளில் சேகரித்த இரண்டு இனங்களையும் பக்கத்தில் பக்கமாக வைத்துச் சோதித்த ஆய்வு 1995-இல் வந்தது.  யூரினேரியா சாப்பிட்டவர்களிடம் 'ஈ ஆன்டிஜென்' எனப்படும் வேறொரு குறி மறைவது சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டது. மேற்பரப்பு ஆன்டிஜெனோ மூன்று வகையிலும் ஒருவரிடம்கூட மறையவில்லை.

இரண்டாவது, நம் மருத்துவ மரபு கீழாநெல்லியைக் காமாலைக்குச் சொன்னது. கண் மஞ்சளாகாமல், பசி குறையாமல், இரத்தத்தில் மட்டும் ஒரு குறி தெரிகிற நிலைக்கு அது பேர்கூட வைக்கவில்லை. வைக்கவும் முடியாது, அது ஆய்வகக் கருவிக்கு மட்டுமே தெரிகிற நிலை. உங்கள் தம்பிக்கு இப்போது காமாலை இல்லை. ஆகவே அம்மா செய்வதை மரபு என்று முழுதாகச் சொல்லவும் எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

பொருநைக்கரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. கொல்லைக்குப் போய்ச் செடியைத் திருப்பிப் பார்த்தேன். காம்புள்ள வழவழப்பான காய்தான். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்ட கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை: "அப்படியானால் உன் தாத்தாவுக்கு எப்படிக் குணமானது?"

வெண்காட்டான் எழுதியது:

தாத்தாவுக்குக் குணமானது உண்மை. கீழாநெல்லி குடித்ததும் உண்மை. குடித்ததால் குணமானதா என்பதுதான் கேள்வி.

மஞ்சள் காமாலை ஒரு நோயின் பெயர் அன்று. பித்தநீரின் நிறமி இரத்தத்தில் மிகுந்து கண்ணிலும் தோலிலும் படிவதால் தெரிகிற அடையாளம். நம் ஊர்களில் அதற்கு மிகப் பொதுவான காரணங்கள் அசுத்த நீரிலும் உணவிலும் பரவும் ஹெபடைடிஸ் ஏ-யும் ஈ-யும். இவ்விரண்டும் பெரும்பாலோரிடம் சில வாரங்களில் தாமாகவே அடங்கிவிடும். டெல்லியில் 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும் குடிநீரில் சாக்கடை கலந்து ஏறக்குறைய 29,000 பேருக்குக் காமாலை வந்தது. அது ஹெபடைடிஸ் ஈ என்று பல ஆண்டுகளுக்குப் பின்னரே தெரிந்தது. கர்ப்பிணிகளிடம்தான் உயிரிழப்பு மிகுதியாக இருந்தது; மற்றவர்களில் மிகப் பெரும்பாலோர், குறிப்பிட்ட மருந்து எதுவும் அன்று இல்லாத நிலையிலும், தேறிவிட்டார்கள். அந்த வாரங்களில் அவர்கள் எதைக் குடித்திருந்தாலும் அதற்குத்தான் பெயர் போயிருக்கும்.

ஹெபடைடிஸ் பி-யிலும் இதே மயக்கம் உண்டு. வயது வந்தபின் தொற்றுகிறவர்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவானவர்களிடமே அது நிலைத்துத் தங்குகிறது. பிறப்பிலோ சிறு குழந்தையாக இருக்கும்போதோ தொற்றினால் நிலைமை தலைகீழ். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரிடம் தங்கிவிடும். மருந்தில்லாமல் தேறுவோரை ஒதுக்கிவைத்துக் கணக்கெடுக்கத்தான் பிளாசிபோ குழு தேவைப்படுகிறது. அதைத்தான் 1988-இல் சென்னைக் குழுவும் செய்ய முயன்றது, அந்த அளவில் அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

மாத்திரைப்பெட்டி எழுதியது:

ஆய்வைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த வைரஸோடு வாழ்கிறவன் என்ற முறையில் மட்டும் எழுதுகிறேன். நான் தினமும் ஒரு மாத்திரை சாப்பிட்டுவந்தேன். நான்கு ஆண்டுகளில் வைரஸ் இரத்தத்தில் தெரியாத அளவுக்கு இறங்கிவிட்டது. அப்போது ஒருவர், இனி இரசாயனம் எதற்கு என்று சொல்லி, ஒரு மண்டலத்துக்கு மூலிகைக் கஷாயம் கொடுத்து மாத்திரையை நிறுத்தச் சொன்னார். நானும் நிறுத்தினேன். முதல் மூன்று மாதங்கள் உடம்பு முன்பைவிட இலேசாக இருப்பதாகவே தோன்றியது. நான்காவது மாதம் ஒரு காலையில் சிறுநீர் கடும் தேநீர் நிறத்தில் போனது. அன்று எடுத்த எஸ்ஜிபிடி 1,140. பதினோரு நாள் மருத்துவமனையில் கிடந்து எழுந்தேன்.

கஷாயத்தில் என்ன இருந்தது என்று இன்றுவரை தெரியாது. அது என்னைக் கெடுத்ததா என்றும் சொல்ல மாட்டேன். மாத்திரையை நிறுத்தியதே போதுமான காரணம் என்று மருத்துவர் விளக்கினார். உங்கள் தம்பி மாத்திரை சாப்பிடவில்லை என்பதால் இந்த ஆபத்து இப்போது இல்லை. ஆனால் பின்னாளில் மாத்திரை தொடங்க நேர்ந்தால், அதை யார் சொல்லியும் தானாக நிறுத்தக் கூடாது என்பதை மட்டும் அவர் மனத்தில் பதியவையுங்கள்.

ஈரல்குலை எழுதியது:

கல்லீரல் மருத்துவத்தில் பயிற்சி பெறுகிற மருத்துவன் நான். அந்த 59 சதவீதம் எவ்வளவு பெரிய எண் என்பதை இன்றைய ஆராய்ச்சியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் விளங்கும்.

இந்த வைரஸ் கல்லீரல் செல்லின் உட்கருவுக்குள் போய், தன் மரபணுவை மூடிய வளைய வடிவில் ஒரு சிறு டிஎன்ஏ-வாக நிறுவிக்கொள்கிறது. புதிய வைரஸ்களுக்கான அச்சு அதுதான். டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற இன்றைய மாத்திரைகள் அச்சிலிருந்து பிரதிகள் பெருகுவதைத் தடுக்கின்றன; அச்சைத் தொடுவதில்லை. மாத்திரையை நிறுத்தினால் மேலே நண்பருக்கு நேர்ந்தது நேர்வதற்குக் காரணம் இதுவே. மேற்பரப்பு ஆன்டிஜென் மறைவது என்பது அந்த அச்சும் ஏறக்குறைய அடங்கிவிட்டதற்கான அடையாளம். சிகிச்சை இல்லாமல் அது ஆண்டுக்கு நூற்றில் ஒருவர் அளவில்தான் நிகழ்கிறது. மாத்திரை சாப்பிட்டாலும் அந்த விகிதம் பெரிதாகக் கூடுவதில்லை.

இந்த அடையாளத்தையே இலக்காக வைத்து உருவாக்கப்பட்ட பெபிரோவிர்சென் என்ற ஊசி மருந்தின் இரண்டாம் கட்ட ஆய்வு 2022-இல் வெளியானது. பங்கேற்றவர்கள் 457 பேர். அவர்களில் வாரம் ஓர் ஊசியாக 24 வாரங்கள் முழு அளவில் பெற்றவர்களை, மருந்து முடிந்து மேலும் 24 வாரங்களுக்குப் பிறகு பார்த்தபோது, நூற்றில் ஒன்பது அல்லது பத்துப் பேரிடம் ஆன்டிஜெனும் வைரஸ் டிஎன்ஏ-வும் இல்லாமலே இருந்தன. எங்கள் துறையில் அது பெரிய செய்தியாகப் பேசப்பட்டது. முப்பது நாள் மூலிகைப் பொடியில் 59 சதவீதம் என்பது உண்மையாக இருந்திருந்தால், உலகம் முழுவதும் இந்தச் செடியைப் பயிரிட்டிருப்பார்கள். புளூம்பெர்க்கே இதில் ஈடுபட்டிருந்தார் என்பதால், மேலைநாட்டவர் மறைத்துவிட்டார்கள் என்ற பேச்சுக்கும் இடமில்லை.

செடியில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1987-இல் புளூம்பெர்க் குழு வெளியிட்ட ஆய்வில், இதன் சாறு சோதனைக்குழாயில் வைரஸின் பாலிமரேஸ் நொதியைத் தடுத்தது. இதையொத்த வைரஸ் தொற்றும் வட அமெரிக்க வளைவாழ் விலங்கான மரமோட்டுகளிலும் பலன் தெரிந்தது. ஆனால் அவற்றுக்குச் சாறு வயிற்றறைக்குள் ஊசி வழியாகச் செலுத்தப்பட்டது. வாயால் விழுங்கும் பொடியிலிருந்து அதே பொருள் அதே அளவில் கல்லீரல் செல்லுக்குப் போய்ச் சேருமா என்பது தனிக் கேள்வி. சோதனைக்குழாயில் வென்று மனித உடலில் தோற்ற பொருள்களின் பட்டியல் மிக நீளமானது.

தீங்கு பற்றிக் கேட்டிருந்தீர்கள். நடந்த ஆய்வுகளில் கீழாநெல்லியால் கடுமையான பக்கவிளைவு பெரிதாகப் பதிவாகவில்லை. எனக்குக் கவலை பத்தியத்தைப் பற்றியும், இன்னொன்றைப் பற்றியும்தான். நன்றாக இருக்கிற 31 வயதுக்காரர் எண்ணெயும் உப்பும் இல்லாமல் இளைத்துப்போக வேண்டிய தேவை எதுவுமில்லை. மருந்து கொடுத்தாகிவிட்டது என்ற நிம்மதியில் ஆறு மாதப் பரிசோதனை தவறிப்போகக் கூடாது. இந்த வைரஸ் பல ஆண்டுகள் அமைதியாக இருந்துவிட்டு மீண்டும் தலைதூக்கக்கூடும்; ஈரல் சுருக்கம் வராமலேயே புற்றுநோயையும் உண்டாக்கக்கூடும். அதனால்தான் எஸ்ஜிபிடி, வைரஸ் அளவு, ஸ்கேன் ஆகியவற்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். உங்கள் மருத்துவர் மாத்திரை எழுதவில்லை என்றாலும், அவர் சொன்ன கண்காணிப்பே இந்நிலைக்கு உரிய மருத்துவம் என்று அம்மாவுக்கு எடுத்துச் சொல்லுங்கள். மது முற்றிலும் கூடாது. அறிமுகமில்லாத பொடி, லேகியம் எதையும் சேர்க்க வேண்டாம். மும்பையில் 2021-இல் சீந்தில் சாப்பிட்ட ஆறு பேருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அது வேறு செடிதான், ஆனால் அதையும் எல்லாரும் தீங்கற்றது என்றுதான் நம்பியிருந்தார்கள்.

அம்மா ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று தவித்தால், செய்வதற்கு ஒன்று இருக்கிறது. வீட்டில் எல்லாரும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், அம்மாவும் சேர்த்து. உங்கள் தம்பி பிறந்த காலத்தில் இந்தத் தடுப்பூசி அரசு அட்டவணையில் இல்லை. நாடு முழுவதற்கும் அது விரிவானது 2011-இல்தான். குழந்தைப் பருவத்தில் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்பதால், உடன்பிறந்த உங்களையும் சோதிப்பது அவசியம். இதை யாருடைய குற்றமாகவும் பேசாமல் செய்யுங்கள். தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும், தேவைப்பட்டால் மருந்தும் இலவசமாகவே கிடைக்கின்றன.

பொருநைக்கரை எழுதியது:

பத்தியம் நேற்றோடு முடிந்தது. தம்பி மீன்குழம்பு சாப்பிட்டான். கீழாநெல்லியை மட்டும் விட அம்மாவுக்கு மனம் வரவில்லை, வாரத்தில் ஒரு நாள் என்று குறைத்திருக்கிறார். நாங்கள் நால்வரும் திங்கட்கிழமை இரத்தம் கொடுக்கப் போகிறோம். முடிவு வந்தபின், தொற்று இல்லாதவர்கள் தடுப்பூசியை எந்த இடைவெளியில் போட்டுக்கொள்ள வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். தம்பிக்கு வரும் தையில் திருமணம் பேசியிருக்கிறோம். பெண்ணுக்கும் இது பொருந்துமா?

ஈரல்குலை எழுதியது:

இன்று ஓர் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, முதல் ஊசியிலிருந்து ஆறாவது மாதம் மூன்றாவது. பெண்ணுக்கும் இதே முறைதான். தம்பி தன் நிலையை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, முதலில் அவருக்கும் இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். மூன்றாவது ஊசி போட்ட ஒன்று அல்லது இரண்டு மாதத்தில் எதிர்ப்பொருள் அளவைப் பார்க்க வேண்டும். 10-க்கு மேல் இருந்தால் பாதுகாப்பு வந்துவிட்டது என்று பொருள். தைக்குள் மூன்று ஊசிகளும் முடியாது என்றால், அந்த அளவு வரும்வரை ஆணுறை பயன்படுத்தினால் போதும். திருமணத்தைத் தள்ளிப்போடத் தேவையில்லை.